ஒரே மூட்டைக்கு இரண்டு ரிப்போர்ட் ஏன்? தீவனப் பரிசோதனைச் சங்கம்: வாசகர் கேள்வி பதில்

தீவனம், பசும்புல், வைக்கோல் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் லேப்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து நடப்பது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

பால் பண்ணையாளர், ஈரோடு மாவட்டம்: ஒரே லாட் அடர்தீவனத்தை இரண்டு லேப்களில் கொடுத்தேன். ஒன்றில் புரதம் 19.6 சதவீதம், இன்னொன்றில் 17.9. எது பொய்?

இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஈரம் நீக்கிய நிலையில்’ என்றோ ‘பெறப்பட்ட நிலையில்’ என்றோ இருக்கும். இரண்டாவது லேப் 9 சதவீத ஈரத்தோடு சேர்த்து 17.9 என்று சொல்லியிருந்தால், 17.9-ஐ 0.91-ஆல் வகுங்கள். 19.67 வரும். முதல் லேப் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஈரம் எவ்வளவு என்று போடாமல் புரதத்தை மட்டும் தரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆலைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஈரக் கணக்கைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருந்தால், எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 1909 முதல் இயங்கும் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் இதற்கு ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறது. 20-ஐப் புரதச் சதவீதத்தால் வகுத்து, 2-ஐக் கூட்ட வேண்டும். 20 சதவீதப் புரதம் உள்ள தீவனத்துக்கு இது 3 என்று வரும். அதாவது 20-இல் 3 சதவீதம், 0.6 புள்ளி. 19.4-க்கும் 20-க்கும் சண்டை வேண்டாம். 18-க்கும் 20-க்கும் என்றால் கேள்வி கேட்க நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு லேப்களுக்கும் போனது ஒரே சாம்பிள்தானா? மூட்டையின் வாயில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி என்று அள்ளி இரண்டு கவரில் அனுப்பியிருந்தால் லேப்பைக் குறை சொல்ல முடியாது.

லேப் பொறுப்பாளர், நாமக்கல்: சுற்று வட்டாரத்தில் தீவன ஆலை லேப்கள், தனியார் லேப்கள் என ஒன்பது பேர் சங்கம் தொடங்க எண்ணுகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதிவு செய்வதற்கு முன், ஒன்பது பேரும் ஒரே பொடியை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். ரசீதுப் புத்தகம் அச்சடித்து, விழா எடுத்து, அடுத்த ஆண்டே கலைந்துபோன சங்கங்கள் நிறைய. சங்கத்துக்கு உயிர் இந்த ஒப்பீட்டுச் சுற்றுதான். எல்லோர் முன்னிலையிலும் தன் எண் தவறாக இருக்கலாம் என்பதை ஏற்க மனமுள்ளவர் எத்தனை பேர் என்பது அந்த முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். நான்கு பேர்தான் மிஞ்சினால் இப்போதைக்குப் பதிவு வேண்டாம்.

அமெரிக்காவில் பசுந்தீவன லேப்களுக்கான தேசியச் சங்கம் 1984-இல் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். காய்ந்த புல் வியாபாரிகள், புல்வெளி வல்லுநர் அமைப்பு, லேப்கள் என மூன்று தரப்பும் சேர்ந்து அதைத் தொடங்கின. லேப் எண்ணை வைத்துத்தான் அங்கே புல்லுக்கு விலை பேசுகிறார்கள். லேப்புக்கு லேப் எண் மாறினால் வியாபாரமே நடக்காது. அந்தச் சங்கம் உறுப்பினர் லேப்களுக்கு ஒரே சாம்பிளை அனுப்பி, வரும் எண்களை ஒப்பிட்டு, தேறியவர்களுக்குச் சான்று தருகிறது. மற்ற வேலையெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பதிவு என்று வந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 போதும். குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நோக்கக் குறிப்பும் துணைவிதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிப்பதற்கான ஏற்பாடு அல்ல இது. அந்த எண்ணம் இருந்தால் கம்பெனி தொடங்குங்கள்.

துணைவிதிகளை ஏதாவதொரு நலச்சங்கத்திடமிருந்து வாங்கி அப்படியே நகல் எடுத்துவிடுகிறார்கள். அதில் இல்லாதவை மூன்று, அவைதான் உங்களுக்கு முக்கியம். ஒன்று, வாக்குரிமை யாருக்கு என்பது. லேப் நடத்துபவர் முழு உறுப்பினர், ஒரு லேப்புக்கு ஒரு வாக்கு. ஒரே முதலாளிக்கு மூன்று லேப் இருந்தாலும் ஒரு வாக்கு. கருவி, ரசாயனம் விற்பவர்கள் வாக்கில்லாத இணை உறுப்பினர்களாக இருக்கட்டும். பால் சொசைட்டிகளும் பண்ணையாளர்களும் தனிப் பிரிவு. செயற்குழுவில் அவர்களுக்குக் குறைந்தது ஒரு இடமாவது கட்டாயம் கொடுங்கள், லேப்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுவார்கள். இரண்டு, எந்த உறுப்பினரின் எண் எது என்பது யாருக்குத் தெரியும் என்பது. ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு மட்டும், தலைவருக்கும் கிடையாது. மூன்று, தேறாதவரை என்ன செய்வது என்பது. இதைப் பற்றிக் கீழே இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார்.

லேப் டெக்னீஷியன், சேலம்: ஒப்பீட்டுச் சுற்றுக்கான பொடியை நாமே தயாரிக்க முடியுமா? வெளியில் வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை.

முடியும். ஆனால் சுற்றுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் அளவு. ஒன்பது லேப்புக்கு ஒன்பது பை, ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க 10 பை, கெடாமல் இருக்கிறதா என்று பின்னால் பார்க்க 6 பை, மறுபரிசோதனைக்கு 5 பை. மொத்தம் 30 பை, பைக்கு 60 கிராம். 1.8 கிலோ பொடி வேண்டும். அரைக்கும்போது சேதாரம் இருக்கும், 3 கிலோ உலர்ந்த பொருளில் தொடங்குங்கள். கம்பு நேப்பியர் புல்லில் உலர்பொருள் சுமார் 20 சதவீதம் என்று கொண்டால், 15 கிலோ பசும்புல் போதும்.

புல்லை 2 செ.மீ. துண்டாக நறுக்கி 60 டிகிரி சூட்டில் 48 மணி நேரம் காயவையுங்கள். அவசரப்பட்டு 100 டிகிரிக்கு ஏற்றினால், புரதத்தில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து நாரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அமில நார் (அமிலக் கரைசலில் கொதிக்கவைத்தும் கரையாமல் நிற்கும் நார்) அளவைச் சோதித்தால் இல்லாத நார் இருப்பதாகக் காட்டும். வெயிலில் காயவைப்பதும் சரிவராது, இலை நொறுங்கித் தரையிலேயே தங்கிவிடும்.

அரவைக்கு 1 மி.மீ. சல்லடை. கடைசியில் சல்லடைமேல் கொஞ்சம் நார் தங்கும், அதைத் தட்டி எறிந்துவிடுவது வழக்கமான தப்பு. அதுதான் தண்டின் கெட்டிப் பகுதி, நார் அதிகம் இருப்பதும் அதில்தான். திரும்பத் திரும்ப அரைத்து முழுவதையும் சல்லடை வழியே இறக்குங்கள். 0.5 மி.மீ. சல்லடையில் நைசாக அரைக்கலாமே என்று தோன்றும். நார்ப் பரிசோதனையில் வடிகட்டும்போது அந்தத் தூள் வழிந்து போய், நடுநிலை நாரை (நடுநிலைக் கரைசலில் கரையாமல் நிற்கும் நாரை) குறைத்துக் காட்டும்.

இனிக் கலத்தலும் பிரித்தலும். டிரம்மைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது, நிரப்பினால் பொடி புரளாது. கலந்து முடித்ததும் தட்டிக் குலுக்காதீர்கள். இலைத்தூள் நுண்மையானது, கனமாக அடியில் இறங்கும். தண்டு நார் பஞ்சுபோல் மேலே நிற்கும். புரதம் அடியிலும் நார் மேலேயுமாகப் பிரிந்துவிடும். முதல் பை வாங்கிய லேப்புக்கும் முப்பதாவது பை வாங்கிய லேப்புக்கும் வெவ்வேறு தீவனம் போய்ச்சேரும்! சுழல் பிரிப்பான் இருந்தால் நல்லது. இல்லையென்றால், 60 கிராமை ஒரே மூச்சில் அள்ளாமல், 30 பையையும் வரிசையாகத் திறந்து வைத்து, சுற்றுக்குப் பைக்கு 10 கிராம் வீதம் ஆறு சுற்று போடுங்கள். ஒரு சுற்று இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். கூடுதலாக அரை மணி நேரம் ஆகும், ஆனால் பைக்குப் பை வித்தியாசம் பெரிதும் குறையும்.

பை அலுமினியம் பூசியதாக இருக்கட்டும், சாதா பாலித்தீன் ஈரத்தை விடும். ஐப்பசி, கார்த்திகையில் பொடி போடுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், திறந்து வைத்த பொடி சில மணி நேரத்திலேயே ஈரம் ஏற்றிவிடும். ஒட்டிய பைகளை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டை செத்துவிடும்.

அனுப்பும் முன் குலுக்கல் முறையில் 10 பையை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை புரதம் பாருங்கள். மொத்தம் 20 சோதனை, ஒரே ஆள், ஒரே நாள், கலைத்த வரிசையில். பைக்குப் பை உள்ள திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), லேப்களுக்கு மதிப்பெண் போட நீங்கள் வைத்திருக்கும் திட்ட விலக்கத்தில் 0.3 பங்குக்கு மேல் போகக் கூடாது; மதிப்பெண் போடும் முறை அடுத்த கேள்வியில் வருகிறது. மதிப்பெண்ணுக்கு 0.3 புள்ளி வைத்திருந்தால் எல்லை 0.09. தாண்டினால் பொடியைத் திரும்பக் கொட்டிக் கலக்க வேண்டியதுதான். இந்தச் சோதனையைச் செய்த லேப்புக்கு விடை முன்கூட்டியே தெரியும் என்பதை மறக்காதீர்கள். அந்தச் சுற்றில் அதற்கு மதிப்பெண் கிடையாது. வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தர ஆய்வாளர், பல்லடம்: எங்கள் குழுவில் ஒன்பது லேப். சராசரி எடுத்து, அதிலிருந்து விலகியவரைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தே தப்பான எண்கூடத் தேறிவிடுகிறது. ஏன்?

சராசரிதான் காரணம். ஓர் உதாரணம். ஒன்பது லேப் தந்த புரதம், ஈரம் நீக்கிய கணக்கில்: 19.1, 19.4, 19.5, 19.6, 19.7, 19.8, 19.9, 20.2, 22.4. கடைசி எண் தவறு என்று பார்த்தவுடன் தெரிகிறது. சராசரி 19.96, திட்ட விலக்கம் 0.97. இதை வைத்து 22.4-க்கு இசட் மதிப்பெண் (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) போட்டால் 2.5 வருகிறது. 2 வரை தேர்ச்சி, 2 முதல் 3 வரை எச்சரிக்கை, 3-இலிருந்து தோல்வி என்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த லேப் எச்சரிக்கையோடு தப்பிவிடுகிறது. கெட்ட எண்ணே சராசரியையும் தன் பக்கம் இழுத்து, திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெருக்கி, தான் ஒளிய இடம் தேடிக்கொள்கிறது.

நடு எண்ணை எடுங்கள். வரிசையில் ஐந்தாவது, 19.7. அதிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்று எழுதி, அந்த விலகல்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 0.2. அதை 1.483-ஆல் பெருக்கினால் சுமார் 0.30. இப்போது 22.4-இன் மதிப்பெண் 9. இனித் தப்ப வழியில்லை. 19.1 சொன்ன லேப் மைனஸ் 2-இல் விளிம்பில் நிற்கிறது, 20.2 சொன்னவர் 1.7-இல் தேறிவிடுகிறார்.

ஆனால் ஒன்பது லேப்பின் நடு எண் உண்மையான எண்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஐந்து பேர் ஒரே தப்பைச் செய்தால் சரியாகச் செய்த நாலு பேர் தோற்றுப்போவார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 15, 20 என்று ஏறும் வரை, என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற இரண்டு வெளி லேப்களுக்கும் அதே பொடியை அனுப்பி அவற்றின் எண்ணை ஒத்துப்பாருங்கள். திட்ட விலக்கத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கணக்கிடாமல் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது நல்லது. முதல் கேள்விக்குச் சொன்ன 0.6-இல் பாதி, 0.3, புரதத்துக்குப் பொருத்தமான எண். அப்படி வைத்தால் எல்லோரும் மோசமாகச் செய்த ஆண்டில் எல்லோரும் தோற்பார்கள். அது நடக்கத்தான் வேண்டும்.

தோற்ற லேப்புக்கு எண்ணை மட்டும் அனுப்பி விட்டுவிடாதீர்கள், எங்கே தேடுவது என்றும் சொல்லுங்கள். அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பொடி அனுப்புங்கள், ஒன்று புரதம் அதிகமானது, ஒன்று வைக்கோல் போல் குறைவானது. 19.7-ஐ 22.4 என்றவர், 4.0 சதவீத வைக்கோலை 4.5 என்றால், பிழை விகிதத்தில் ஏறுகிறது. சாம்பிளிலிருந்து வடித்த அம்மோனியாவை அளக்கச் சொட்டுச் சொட்டாக விடும் டைட்ரேஷன் அமிலத்தில் தேடுங்கள். பாட்டிலில் 0.1 நார்மல் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது 0.088 ஆக இருந்தால் இதே எண்கள்தான் வரும். வைக்கோலை 6.7 என்றால், இரண்டிலும் ஒரே 2.7 புள்ளி கூடுதல். வெற்றுச் சோதனையில் (சாம்பிள் போடாமல் செய்வது) வந்த எண்ணைக் கழிக்க மறந்திருக்கலாம், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீரிலோ போரிக் அமிலத்திலோ அம்மோனியா இருக்கலாம். 1 கிராம் சாம்பிளில் 0.1 நார்மல் அமிலம் 1 மில்லி கூடுதலாக இறங்கினால் 1.4 மில்லிகிராம் நைட்ரஜன், அதைப் புரதமாக்க 6.25-ஆல் பெருக்கினால் 0.875 புள்ளி. பியூரெட்டில் கண்ணை எந்த மட்டத்தில் வைத்துப் படிக்கிறோம் என்பதுகூடக் கணக்கில் வரும் என்பது இதனால்தான்.

எண் குறைந்து வந்தால், செரிமானம் (சாம்பிளை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைப்பது) முழுமையாக நடக்கவில்லையா, அம்மோனியாவை வடிக்கும் கருவியில் கசிவா என்று பிரித்துப் பாருங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டை நேராக வடித்தால் 21.2 சதவீத நைட்ரஜன் முழுதாகத் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் கசிவு. அது சரியாக வந்து, லைசின் ஹைட்ரோகுளோரைடைச் செரித்து வடிக்கும்போது 15.3-க்குக் குறைந்தால், செரிமானத்தில் சூடோ நேரமோ போதவில்லை.

தீவன ஆலை லேப், உடுமலை: முடிவு அனுப்பும் முன் லேப்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்கின்றன. எப்படித் தடுப்பது?

போனைத் தடுக்க முடியாது, பயனில்லாமல் செய்ய முடியும். புரதம் 19.7, 20.8 என்று நெருக்கமாக உள்ள இரண்டு பொடிகளைத் தயாரியுங்கள். பையின்மேல் ‘அ’, ‘ஆ’ என்று எழுதாமல் லேப்புக்கு லேப் மாறும் எண் கொடுங்கள். உங்கள் 417-உம் பக்கத்து லேப்பின் 417-உம் ஒரே பொடியாக இருக்காது. பேசி வைத்து எழுதியவர் ஏதாவது ஒரு பையில் ஒரு புள்ளி தள்ளி விழுவார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பொடியை இரண்டு எண்ணில் அதே லேப்புக்கு அனுப்பினால், அவர்களுடைய சொந்த நிதானமும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஒப்பீட்டுச் சாம்பிள் என்று தெரிந்தால் மூத்த கெமிஸ்ட் அதைத் தானே எடுத்து நாலு முறை பார்த்து அனுப்புவார். அன்றாடச் சாம்பிளைப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு முறை பார்ப்பான். சொசைட்டி உறுப்பினர் ஒருவர் மூலம் சாதாரண வாடிக்கையாளர் போல் ஒரு பையை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் அதற்கான அனுமதி துணைவிதிகளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பொதுக்குழுவில் நாற்காலி பறக்கும்.

பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், திண்டுக்கல் மாவட்டம்: சங்கத்தில் சேர்ந்த லேப் தொடர்ந்து தவறினால் நீக்கிவிடலாமா?

உறுப்பினர் பதவியிலிருந்து நீக்காதீர்கள், தேர்ச்சிப் பட்டியலிலிருந்து எடுங்கள். அதுவும் தவறிய சோதனைக்கு மட்டும். புரதத்தில் தேறி, நாரில் தவறும் லேப்கள் நிறைய. நடுநிலை நார்ப் பரிசோதனையில் மாவுச்சத்தைக் கரைக்கும் என்சைமைக் காசு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள், மக்காச்சோளம் உள்ள தீவனத்தில் மாவு வடிகட்டியை அடைத்து நார் ஏகத்துக்கும் ஏறிவிடும். அதற்காக அவர்களுடைய ஈரப்பத ரிப்போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி இருக்கட்டும்: ஒரு சுற்று தவறினால் மீதமுள்ள பையில் ஒன்று, 30 நாளில் மறுபரிசோதனை, காரணம் என்ன என்று ஒரு பக்கக் கடிதம். அடுத்தடுத்து இரண்டு சுற்று தவறினால் அந்தச் சோதனைக்கான பெயர் பட்டியலில் இருக்காது. செயற்குழு உறுப்பினரின் சொந்த லேப் பற்றிய பேச்சு வரும்போது அவர் வெளியே போய்விட வேண்டும், அதை மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆண்டு முழுக்க ஒருவர்கூடத் தவறவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள். பொடி மிக எளிதாக இருந்திருக்கும், அல்லது எல்லை அகலமாக இருந்திருக்கும்.

தனியார் லேப் உரிமையாளர், கோவை: ஒருவரை ஒருவர் விலை குறைத்து அடித்துக்கொள்கிறோம். பரிசோதனைக் கட்டணத்தைச் சங்கமே நிர்ணயித்தால் என்ன?

செய்யாதீர்கள். போட்டியாளர்கள் சங்கம் வழியாகக் கூடி விலை வைப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் தடுக்கப்பட்டது. தீர்மானப் புத்தகமே சாட்சியாகிவிடும். வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு வேண்டாம்.

பொருளாளர், கரூர்: சந்தா எவ்வளவு வைப்பது? எங்களிடம் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான், எப்போதும் பற்றாக்குறை.

சந்தாவையும் சுற்றுக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். பிரியுங்கள். சந்தா என்பது கூட்டம், தபால், தணிக்கை ஆகியவற்றுக்கு, எல்லோருக்கும் ஒன்று. சுற்றுக்கு ஆகும் செலவைக் கலந்துகொள்ளும் லேப்கள் மட்டும் ஏற்க வேண்டும். ஒரு கணக்குக்காக, ஆண்டுக்கு 3 சுற்றுக்குப் பொடி, பை, கொரியர், வெளி லேப் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய் ஆகிறது, ஒன்பது லேப் கலந்துகொள்கின்றன என்று வைத்தால், லேப்புக்கு 15,000. பாதிப் பேர் சந்தாவுக்குள்ளேயே வேண்டும் என்பார்கள், கொடுக்காதீர்கள். பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், மோசமான மதிப்பெண் வாங்கிய பிறகு யாரும் பணம் கட்டுவதில்லை.

கருவி விற்பவர்கள் மாநாட்டுச் செலவை ஏற்க முன்வருவார்கள். வாங்கலாம். ஆனால் ஒப்பீட்டுச் சுற்றுக்கான செலவை மட்டும் அவர்களிடம் வாங்காதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

வாசகர், விழுப்புரம்: சங்கம் சேர்ந்து ஓர் என்.ஐ.ஆர். கருவி வாங்கினால் ரசாயனச் சோதனையே வேண்டாம் என்கிறார்களே?

விற்பவர் அப்படித்தான் சொல்வார். அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியைப் பொடிமேல் பாய்ச்சி, திரும்பும் ஒளியை வைத்துப் புரதம், நார் எல்லாவற்றையும் ஓரிரு நிமிடத்தில் சொல்லும் கருவி அது. ஆனால் அது எதையும் அளப்பதில்லை. முன்னால் ரசாயன முறையில் பார்த்த சாம்பிள்களோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. அமெரிக்கக் குதிரைமசாலில் பழகிய கருவியிடம் நம் வைக்கோலைக் காட்டினாலும் ஓர் எண் சொல்லத்தான் செய்யும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஜி.எச்.’ என்று ஒரு மதிப்பு வரும், 3-க்கு மேல் இருந்தால் தனக்குப் பழக்கமில்லாத பொருள் இது என்று கருவியே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் அந்த மதிப்பைப் பலரும் அச்சிடுவதில்லை.

எனவே சங்கம் வாங்க வேண்டியது கருவியை அல்ல. கருவி உறுப்பினர்களிடமே இருக்கட்டும், அதற்குக் கற்றுக்கொடுக்கும் சாம்பிள் தொகுப்பைச் சங்கம் உருவாக்க வேண்டும். வைக்கோல், சோளத்தட்டு, கம்பு நேப்பியர், மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்குக் குறையாத சாம்பிள், வெவ்வேறு ஊர், வெவ்வேறு அறுவடை வயது. ரசாயன எண்ணை ஒப்பீட்டுச் சுற்றில் தேறிய லேப்கள் மட்டும் தரட்டும். ஆண்டுதோறும் புதிய சாம்பிள் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உறுப்பினர்களுக்குச் செய்துவரும் வேலை இதுதான். தனி லேப்பால் தாங்க முடியாத செலவு, பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கும்.

தீவனத்தில் கலந்த யூரியாவைப் புரதம் என்று கணக்கில் ஏற்றிவிடுவது ரசாயன முறையின் பழைய ஓட்டை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், 6.25-ஆல் பெருக்கினால் 287 சதவீதம் ‘புரதம்’! தீவனத்தில் 1 சதவீதம் யூரியா சேர்த்தாலே ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட 2.9 புள்ளி ஏறும். யூரியாவைத் தனியாகப் பார்க்கும் சோதனையைச் சங்கப் பட்டியலில் கட்டாயமாக்குங்கள். கற்றுக்கொடுக்கும் சாம்பிள்களில் யூரியா கலந்தது புகுந்துவிட்டால், கருவியும் அதையே கற்றுக்கொள்ளும்.

மாடு வளர்ப்போர், தஞ்சாவூர்: சாம்பிள் எடுப்பதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

சங்கம் அச்சடிக்க வேண்டிய முதல் துண்டறிக்கை இதுதான்.

மூட்டைத் தீவனம் என்றால் 10 மூட்டை வரை எல்லாவற்றிலும், அதற்குமேல் குறைந்தது 10 மூட்டையில் எடுங்கள். அரிசி மண்டியில் பயன்படுத்தும் சின்னக் குத்தூசி போதாது, தையலோரத் தூளைத்தான் அள்ளும். மூட்டையின் நீளத்துக்கு இருக்கும் துளையிட்ட குழாயை மூலைக்கு மூலை குறுக்காகச் செருகுங்கள். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை விலக்கி, மிச்சத்தை மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும் வரை குறையுங்கள்.

கட்டு கட்டிய வைக்கோலுக்கும் காய்ந்த புல்லுக்கும் மேலே சொன்ன அமெரிக்கப் பசுந்தீவன லேப் சங்கத்தின் விதி நமக்கும் பொருந்தும். ஒரே வயல், ஒரே அறுப்பு, 200 டன்னுக்குள், இதுதான் ஒரு லாட். 30 முதல் 60 செ.மீ. நீளமும் 1 முதல் 2 செ.மீ. உள்விட்டமும் உள்ள கூர்முனைக் குழாயால், கட்டின் தலைப்பக்கத்தில் நேராகச் செருகி 20 இடத்தில் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்குள் வரும்படி. அதிகமாக அனுப்பினால் லேப் முழுவதையும் அரைக்காது, கையால் பிரித்து ஒரு பகுதியை எடுக்கும். நீங்கள் 20 இடத்தில் குத்தியது வீண். கையால் பிடுங்கினால் இலை உதிர்ந்து தண்டுதான் கையோடு வரும், தீவனம் இருப்பதைவிட மட்டமாகத் தெரியும்.

சைலேஜைக் காற்றுப் போக அழுத்திக் கட்டி, ஃப்ரீசரில் உறையவைத்து, திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது கொரியர் குடோனில் இரண்டு நாள் புளிக்கும். அடுப்பில் காயவைக்கும்போது அமிலங்களும் ஆவியாகிவிடுவதால் சைலேஜின் உலர்பொருள் எப்போதுமே சற்றுக் குறைத்துத்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூஞ்சை நஞ்சு சோதனைக்கு மட்டும் இந்த அளவெல்லாம் போதாது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில் குவிந்திருக்கும். கடலைப் பிண்ணாக்கில் 5 கிலோ எடுத்து, முழுவதையும் அரைத்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்புங்கள்.

தீவன விற்பனையாளர், ஆத்தூர்: சங்கத்தில் தேறிய லேப் என்று சங்கச் சின்னத்தை ரிப்போர்ட்டில் போடலாமா? தீவன மூட்டையிலும் அச்சிட ஆலைகள் கேட்கின்றன.

ரிப்போர்ட்டில் போடலாம், தேறிய சோதனைக்கு நேராக, தேறிய ஆண்டோடு. ‘புரதம், ஈரப்பதம்’ என்று குறிப்பிட்டுப் போட வேண்டும், தாளின் தலைப்பில் பொத்தாம் பொதுவாக அல்ல. மூட்டையில் கூடவே கூடாது. சங்கம் சோதிப்பது லேப்பை, தீவனத்தை அல்ல. ஒரு மூட்டையில் சின்னம் ஏறிவிட்டால் அடுத்த வாரம் அந்தத் தீவனத்தைத் தின்ற மாட்டுக்குப் பால் குறைந்ததற்குச் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் வரும். சின்னத்தைப் பயன்படுத்தும் விதியை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு லேப்பிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகே சின்னத்தைக் கொடுங்கள்.